கன்னா ஆய்வும் மம்தானியின் மறுப்பும்: ஒரு மதிப்பீடு

கன்னா ஆய்வு என்பது பஞ்சாப் மாநிலம் லூதியானா மாவட்டத்தில் உள்ள கன்னா நகரைச் சுற்றிய சிற்றூர்களில் 1950-களில் நடைபெற்ற குடும்பக் கட்டுப்பாட்டுக் கள ஆய்வாகும். அதன் அணுகுமுறையை மறுத்து மஹ்மூத் மம்தானி எழுதிய "த மித் ஆஃப் பாப்புலேஷன் கண்ட்ரோல்" என்னும் நூல் 1972-இல் வெளிவந்தது. மக்கள்தொகைக் கட்டுப்பாடு என்பதே ஒரு கட்டுக்கதை என்பது அத்தலைப்பின் பொருள். கருத்தடைச் சேவை பற்றிய ஆய்வுகளில் யாரைக் கேட்கிறார்கள், எதை எண்ணுகிறார்கள் என்ற கேள்விகளை எழுப்பியதால் இந்த விவாதம் இன்றும் படிக்கப்படுகிறது.

ஆய்வின் பின்னணி

இந்திய அரசு 1952-இல் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக ஏற்றது. அதையடுத்த ஆண்டுகளில் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்த ஜான் வையன், ஜான் கார்டன் ஆகியோர், லூதியானா கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் துணையுடன் இந்த ஆய்வை நடத்தினர். சில ஊர்களில் கருத்தடைப் பொருள்கள் வழங்கப்பட்டன. வேறு சில ஊர்கள் ஒப்பீட்டிற்காக வைக்கப்பட்டன. கருத்தடை வழங்கப்பட்ட ஊர்களின் மக்கள்தொகை ஏறத்தாழ 8,000. களப்பணி 1960 வரை நீடித்தது. 1969-இல் ஆய்வாளர்கள் மீண்டும் வந்து பார்த்தனர். முழு அறிக்கை 1971-இல் நூலாக வந்தது.

கருத்தடையை எளிதாகக் கிடைக்கச் செய்தால் பிறப்பு விகிதம் குறையும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. 1969-இல் பார்த்தபோது பிறப்பு விகிதம் குறைந்திருந்தது. ஆனால் கருத்தடை வழங்காத ஊர்களிலும் அவ்வாறே குறைந்திருந்தது. பெண்களின் திருமண வயது உயர்ந்ததே இதற்கு முக்கியக் காரணமாகக் கூறப்பட்டது.

இதனால் ஆய்வு முழுவதும் வீண் என்று சொல்லிவிட முடியாது. வீடு வீடாகச் சென்று பிறப்பையும் இறப்பையும் தொடர்ந்து பதிவுசெய்த ஆய்வுகள் அக்காலத்து ஊர்ப்புற இந்தியாவில் மிகச் சில. தாய்ப்பாலை நிறுத்தும் பருவத்தில் குழந்தைகளைத் தாக்கும் வயிற்றுப்போக்கு, நீண்ட நாள் பாலூட்டுவதால் மாதவிடாய் திரும்பத் தாமதமாவது ஆகியவை பற்றி இங்கிருந்து கிடைத்த செய்திகள் மருத்துவத் துறையில் நிலைத்த மதிப்புப் பெற்றன.

மம்தானியின் வாதம்

உகாண்டாவில் வளர்ந்த மம்தானி அப்போது ஹார்வர்டில் மாணவர். ஆய்வு நடந்த ஊர்களில் ஒன்றான மனுப்பூருக்குச் சென்று அவர் மக்களிடம் பேசினார். பலர் மாத்திரைகளை வாங்கினார்களே தவிரப் பயன்படுத்தவில்லை. தொலைவிலிருந்து வந்து அன்பாகப் பேசுபவர்களிடம் முகத்தில் அடித்தாற்போல் "வேண்டாம்" என்று சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. மாத்திரைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சிற்பம்போல் செய்து வீட்டில் வைத்திருந்த ஒருவரைப் பற்றிய செய்தி, இந்நூலிலிருந்து மிக அதிகமாக எடுத்தாளப்படும் பகுதியாகும்.

அவர்கள் ஏன் பயன்படுத்தவில்லை என்பதற்கு மம்தானி தரும் விடை பொருளாதாரம் சார்ந்தது. சிறு நிலம் உடையவருக்குக் கூலியாள் வைக்கக் கட்டுப்படியாகாது. மகன்களே அவருடைய வேலையாட்கள். நிலமற்றவருக்குப் பிள்ளைகளின் கூலி குடும்பத்தைத் தாங்குகிறது. முதுமையில் ஓய்வூதியம் இல்லை; மகன்தான் ஓய்வூதியம். அவருடைய சொற்களின் சாரம் இதுதான்: மக்கள் ஏழைகளாக இருப்பது குடும்பம் பெரிதாக இருப்பதால் அன்று, ஏழைகளாக இருப்பதால்தான் அவர்களுக்குப் பெரிய குடும்பம் தேவைப்படுகிறது. ஊர் மக்கள் அறியாமையால் மறுத்தார்கள் என்று எண்ணிய அதிகாரிகளுக்கு, அவர்கள் கணக்குப் போட்டே மறுத்தார்கள் என்று இந்நூல் காட்டியது. இதுவே நூலின் பெருஞ்சிறப்பு.

நூலின் குறைகள்

முதற்குறை, அவர் குடும்பத்தை ஒரே மனம் உடைய அலகாகக் கருதுவது. எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கு பெரும்பாலும் நிலத்தையும் கூலியையும் கையாளும் ஆணின் கணக்காகவே நூலில் வருகிறது. கருவைச் சுமப்பவரும், பிரசவத்தில் உயிரைப் பணயம் வைப்பவரும், இறந்த குழந்தையை எடுத்துக் கொடுப்பவரும் பெண். அவருடைய கணக்கும் கணவரின் கணக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாமியாருக்கும் கணவருக்கும் தெரியாமல் கருத்தடை செய்துகொள்ள விரும்பிய மருமகள் அந்த ஊரில் இருந்தாரா என்பதை இந்நூலைக் கொண்டு அறிய முடியாது. கன்னா ஆய்வாளர்கள் ஏழையின் பேச்சைக் கேட்கத் தவறினர் என்று குற்றம் சாட்டும் நூல், ஏழைப் பெண்ணின் பேச்சுக்குக் குறைந்த இடமே தருகிறது.

இரண்டாவது குறை, வழங்கப்பட்ட பொருளின் தரத்தை அவர் போதிய அளவு எடைபோடாதது. கன்னாவில் முதன்மையாகத் தரப்பட்டது நுரை மாத்திரை. ஒவ்வொரு முறையும் உறவுக்கு முன் பெண் அதை உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் பலர் அருகருகே உறங்கும் வீட்டில் இதற்குத் தனிமை தேவை. அதன் பாதுகாப்பும் நிச்சயமற்றது. வாய்வழிக் கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்ததே 1960-இல்தான். அதாவது கன்னாவின் களப்பணி முடிவடைந்த ஆண்டில். எனவே ஊர் மக்கள் மறுத்தது கருத்தடையையா, அந்தக் குறிப்பிட்ட மாத்திரையையா என்ற ஐயம் எழுகிறது. மம்தானி முதலாவதையே முடிவாகக் கொண்டார்.

மத்லப் தரும் சான்று

இந்த ஐயத்திற்கு ஓரளவு விடை தருவது வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் நடைபெற்ற ஆய்வு. காலரா ஆய்வுக்காக 1966 முதல் பிறப்பு, இறப்புப் பதிவு நடந்துவந்த பகுதி அது. அங்கே 1975-இல் கருத்தடை மாத்திரைகள் வீடு தேடி வழங்கப்பட்டன. பயன்பாடு தொடக்கத்தில் உயர்ந்து பின்னர் சரிந்தது. அதுவரை கன்னாவின் கதையே திரும்ப நடந்ததுபோல் தோன்றியது.

1977-இல் முறை மாற்றப்பட்டது. 70 ஊர்களில் புதிய சேவை தொடங்கியது. 79 ஊர்கள் வழக்கமான அரசுச் சேவையுடன் ஒப்பீட்டிற்காக விடப்பட்டன. முன்பு மாத்திரை வழங்கிய முதிய பெண்களுக்குப் பதிலாக, படித்த, மணமான, தாங்களும் கருத்தடை முறையைப் பயன்படுத்துகிற பெண்கள் பணியாளர்களாயினர். அவர்கள் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் சென்றனர். மாத்திரை, ஊசி, ஆணுறை, கருப்பை வளையம், அறுவை எனப் பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. தலைசுற்றல், இரத்தப்போக்கு என்று சொன்னால் அதற்கும் மருத்துவம் கிடைத்தது. ஏறத்தாழ 7 விழுக்காடாக இருந்த பயன்பாடு 18 மாதங்களில் மூன்றில் ஒரு பங்கை எட்டியது.

இந்த 18 மாதங்களில் மத்லப் மக்களுக்கு நிலம் பிரித்துக் கொடுக்கப்படவில்லை. முதியோர் ஓய்வூதியமும் வரவில்லை. வறுமை அப்படியே இருந்தது; மாறியது சேவை. அப்படியானால் வேண்டும் என்ற விருப்பம் பல பெண்களிடம் முன்பே இருந்திருக்கிறது. அதை நிறைவேற்றும் சேவை மட்டுமே இல்லாதிருந்தது. சமூக அமைப்பு மாறாமல் கருத்தடை பயன்படாது என்ற மம்தானியின் முடிவு இங்கே தளர்கிறது. ஆயினும் மத்லப் மிகுந்த கவனிப்பும் செலவும் பெற்ற பகுதி என்பதையும், ஒப்பீட்டு ஊர்களிலும் பிற்காலத்தில் பிறப்பு குறைந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மதிப்பீடு

மம்தானியின் எச்சரிக்கை முற்றிலும் சரியான இடம் ஒன்று உண்டு. மாத்திரையை வாங்கியவரைப் பயனாளி என்று எண்ணக்கூடாது என்பதே அது. இந்தியத் திட்டம் இந்தப் பாடத்தைக் காலத்தில் கற்கவில்லை. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. இலக்கை எட்ட வேண்டும் என்ற கட்டாயத்தில் எண்ணிக்கை மட்டுமே பார்க்கப்பட்டது, விருப்பம் கேட்கப்படவில்லை. முறைவாரி இலக்குகள் நாடு முழுவதும் கைவிடப்பட்டது 1996-இல்தான்.

பெண்ணின் விருப்பம் குறித்த கேள்வி இன்னும் முடியவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் மணமான 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் அறுவை செய்துகொண்டவர்களோ ஒரு விழுக்காடுகூட இல்லை. பஞ்சாபில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.6 குழந்தை என்ற அளவுக்குப் பிறப்பு குறைந்துவிட்டது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இது முழு வெற்றி. சுமை யார் உடலில் விழுந்தது என்று பார்ப்பவருக்கு அப்படித் தோன்றாது.

கன்னா ஆய்வு பொருளை வழங்கியது. மக்களின் கணக்கைக் கேட்கவில்லை. மம்தானி அந்தக் கணக்கைக் கேட்டார்; ஆனால் பெரும்பாலும் குடும்பத் தலைவரின் கணக்கை. மத்லப் பணியாளர்கள் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை பெண்ணிடமே சென்று கேட்டார்கள். அவர் உடலுக்கு ஒவ்வாததை மாற்றியும் கொடுத்தார்கள். கருத்தடை குறித்த எந்த அறிக்கையைப் படிக்கும் மாணவரும் அதில் வரும் "ஏற்றுக்கொண்டவர்கள்" என்ற சொல்லுக்குப் பின்னால் இந்த மூன்றில் எந்த வகைக் கேள்வி இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.