சிறு தொகைக் கோரிக்கை: இலங்கையின் மத்தியஸ்த சபையும் இந்தியாவின் மன்றங்களும்

திருப்பித் தரப்படாத கைமாற்று, பாக்கி நின்றுபோன கூலி, பழுதான பொருளுக்குத் திரும்பி வராத விலை போன்ற சிறு தொகைகளுக்காக நீதிமன்றப் படியேறுவோரில் பலருக்கு, வழக்கு நடத்தும் செலவே கோரிய தொகையை விழுங்கிவிடுகிறது. சட்டம் படித்தவரின் துணையின்றி ஒருவர் தாமே முறையிடத்தக்க மன்றங்களை இலங்கையும் இந்தியாவும் இதன்பொருட்டு அமைத்துள்ளன. எனினும் இலங்கை தன் மத்தியஸ்த சபைக்குள் சட்டத்தரணியை நுழையவிடுவதில்லை. இந்தியாவோ வழக்கறிஞர் கட்டாயமில்லை என்பதோடு நின்றுவிடுகிறது. இரு நாட்டுச் சாமானியர் பெறும் அனுபவம் பெரிதும் வேறுபடுவதற்கு இதுவே முதற்காரணம்.

சிறு வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம் என்ற ஏற்பாட்டை ஆங்கிலேயர் இரு நிலங்களிலும் விட்டுச்சென்றனர். சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்கான 1882ஆம் ஆண்டுச் சட்டமும் பிற பகுதிகளுக்கான 1887ஆம் ஆண்டுச் சட்டமும் நடைமுறையைச் சுருக்கி, மேல்முறையீட்டைக் கட்டுப்படுத்தினவேயன்றி வழக்கறிஞரை விலக்கவில்லை. இலங்கை வேறு வழியில் சென்றது. ஊர்ப் பெரியவர்கள் அமர்ந்து பிணக்குகளைத் தீர்க்கும் இணக்க சபைகள் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, உறுப்பினர் நியமனத்தில் அரசியல் புகுந்துவிட்டது என்ற குற்றச்சாட்டோடு எழுபதுகளின் இறுதியில் மறைந்தன. அந்தப் பட்டறிவிலிருந்து பிறந்ததே 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் எனலாம். மத்தியஸ்தரை நியமிக்கும் பொறுப்பு அதில் அமைச்சரிடம் விடப்படாமல், பெரும்பான்மை உறுப்பினர்கள் உயர்நிலை நீதிபதிகளாக இருந்தவர்களாக அமையும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது.

இச்சட்டத்தின் கூர்மை அதன் கட்டாயத்தில் உள்ளது. குறித்த பெறுமதிக்கு உட்பட்ட பிணக்கொன்றை, இணக்கம் எட்டப்படவில்லை என்று சபை தரும் சான்றிதழ் இன்றி நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல, சில விதிவிலக்குகள் நீங்கலாக, எவராலும் இயலாது. தொடக்கத்தில் 25,000 ரூபாயாக இருந்த அவ்வரம்பு 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 5,00,000 ரூபாயாக உயர்ந்தது. முறைப்பாட்டாளர் தம் பிரதேசத்து மத்தியஸ்த சபையின் தவிசாளருக்கு எளிய விண்ணப்பம் ஒன்றை அனுப்பினால் போதும். சபையின் பட்டியலிலிருந்து இரு தரப்பாரும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்ய, அவ்விருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவுசெய்கின்றனர். பெரும்பாலும் வார இறுதியில், பள்ளிக்கூடம் போன்ற பொது இடத்தில், ஊதியமில்லாத் தொண்டர்களின் முன்னிலையில் நடக்கும் இவ்வமர்வில் கட்சிக்காரர்கள் தாமே பேச வேண்டும். சட்டத்தரணி இல்லாத அவையில் சட்ட நுணுக்கத்துக்கு இடம் குறைந்து, யாருக்கு எவ்வளவு கொடுக்க இயலும் என்ற நடைமுறைக் கேள்வி முன்னுக்கு வருவது இம்முறையின் பெரும்பேறு.

இந்தியாவில் இதற்கு நேரிணையான ஒரே மன்றம் இல்லை என்பதால், கோரிக்கையின் தன்மையே செல்லும் இடத்தைத் தீர்மானிக்கிறது. விலை கொடுத்து வாங்கிய பொருளிலோ சேவையிலோ குறை என்றால், 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையானால் கட்டணமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும். தாம் குடியிருக்கும் ஊரிலேயே முறையிடலாம் என்பது புதிய சட்டம் தந்த அரிய வசதி. ஆனால் முறையீடு, உறுதிமொழிப் பத்திரம், ஆவணப் பட்டியல், எழுத்துமூல வாதம் எனப் படிகள் நீளுகின்றன. எதிரே நிற்கும் நிறுவனமோ வழக்கறிஞருடன் வருகிறது. எதிர்த்தரப்பு 30 நாளும் நீட்டிப்பாக 15 நாளும் கடந்தபின் பதிலுரை தாக்கல் செய்ய முடியாது என 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு உறுதிப்படுத்த நேர்ந்ததே, எளிமைக்கெனப் பிறந்த மன்றத்துக்குள் வழக்காடும் பழக்கம் எவ்வளவு ஊறியிருந்தது என்பதைக் காட்டும்.

கைமாற்றுக் கடன் நுகர்வோர் வழக்காகாது. அதற்கு உரிமையியல் நீதிமன்றம் செல்வதற்கு முன், வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் கட்டணமின்றி மனு அளித்து மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்த்துக்கொள்ள வழியுண்டு. எதிராளி வராவிட்டால் அங்கே செய்வதற்கு அதிகமில்லை. மத்தியஸ்த சபையைக் கடந்துதான் நீதிமன்றம் செல்ல வேண்டும் என்ற இலங்கையின் கட்டாயம் இத்தகைய மனுதாரருக்குக் கிடைப்பதில்லை.

ஆனால் முடிவின் வலிமையில் நிலை தலைகீழாகிறது. மக்கள் நீதிமன்றத்தில் எட்டப்பட்ட உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது, மேல்முறையீடும் அற்றது. நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவை மீறுவோருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. இலங்கையிலோ, நீதிமன்றமே அனுப்பிவைத்த பிணக்குகள் நீங்கலாக, சபையில் கைச்சாத்திட்ட இணக்கம் மீறப்பட்டால் தவிசாளர் மறுபடி இணக்கம் தேடுவார், அன்றேல் அது கைகூடவில்லை என்ற சான்றிதழை வழங்குவார். அச்சான்றிதழோடு நீதிமன்றம் செல்பவர், அதுவரை தவிர்த்துவந்த சட்டத்தரணியையே தேட வேண்டியவராகிறார். சிறு கோரிக்கை நீதிமன்றங்களுக்கான நடைமுறைச் சட்டத்தை இலங்கை நாடாளுமன்றம் 2022இல் நிறைவேற்றியது இவ்விடைவெளியின் பின்னணியில் நோக்கத்தக்கது.

ஓர் ஒற்றுமையும் சுட்டத்தக்கது. சாமானியருக்கெனத் திறந்த இவ்வாயில்களில் கடன் கொடுத்த நிறுவனங்களும் திரளாக வரிசையில் நிற்கின்றன: இந்தியாவின் தேசிய மக்கள் நீதிமன்றங்களில் வங்கிகளின் வாராக்கடன் கோப்புகளும், இலங்கையின் சபைகளில் நிதி நிறுவனங்களின் நிலுவைக் கோரிக்கைகளும் குவிகின்றன. நிறுவனத்தின் சார்பில் அமர்பவர் சட்டத்தரணி அல்லராயினும் இதையே தொழிலாகக் கொண்ட அலுவலர். எதிரே இருப்பவர் முதன்முறையாக வந்த கடனாளி. சட்டத்தரணிகளை மட்டும் விலக்கும் விதியால் இச்சமமின்மையைத் தொட முடியவில்லை.