காகிதம் ஒட்டிய இசைத்தட்டு

இங்கிலாந்தின் வடக்கே விகன் என்று ஓர் ஊர். 1973 முதல் 1981 வரை அங்கே 'விகன் கேசினோ' என்ற பழைய நடனக்கூடத்தில் சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி ஆட்டம் தொடங்கும்; விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் கூட்டம் கலையும். சுற்றுவட்டாரத் தொழிற்சாலை ஊர்களிலிருந்து வந்த இளைஞர்கள் ஆடியது அப்போதைய ஹிட் பாட்டுகளுக்கு அல்ல. அமெரிக்காவில் கறுப்பினக் கலைஞர்கள் அறுபதுகளில் பாடி, விற்காமல் போன சோல் இசைத்தட்டுகளுக்கு. ஒரு டிஜே கையில் அபூர்வமான தட்டு சிக்கினால், நடுவிலிருக்கும் லேபிளின் மேல் வெற்றுக் காகிதத்தை ஒட்டிவிட்டு, பாடகருக்கு ஒரு பொய்ப்பெயரும் சூட்டி ஒலிக்கவிடுவார். போட்டி டிஜே அதே தட்டைத் தேடிப் பிடித்துவிடக் கூடாதல்லவா!

அப்படிப் பொய்ப்பெயரில் ஒலித்ததுதான் ஃபிராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ'. மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1965இல் அவர் பாடியது. தட்டு கடைக்கே வரவில்லை, சோதனைப் பிரதிகளோடு நின்றுபோனது. வில்சன் பாடுவதை விட்டுத் தயாரிப்பாளர் ஆனார். அந்தச் சோதனைப் பிரதிகளில் தப்பிப் பிழைத்த ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்கு ஏலம் போனது. இப்படி விலையைச் சொல்லித்தான் பலரும் இந்தப் பாட்டை அறிமுகப்படுத்துகிறார்கள். கேட்க உட்காரும்போது அதை மறந்துவிடுங்கள். பாட்டு மொத்தமே இரண்டரை நிமிஷத்துச் சொச்சம். நாலு அடியும் ஒரே பலத்தோடு விழுகிற டிரம்ஸ், பின்னால் கோரஸ், எல்லாவற்றுக்கும் மேலே சந்தோஷத்தை அடக்க முடியாமல் ஏறிக்கொண்டே போகும் ஒரு குரல். முதல் தடவை எதையும் ஆராய வேண்டாம். எழுந்து நின்று கேளுங்கள். காலுக்காகச் செய்த பாட்டு இது.

சினிமாப் பாட்டில் வளர்ந்த நம் காதுக்கு ஆரம்பத்தில் ஒரு சிறு ஏமாற்றம் இருக்கும். பல்லவி முடிந்ததும் புதிதாக ஓர் இடையிசை வரும், சரணம் வேறு பக்கம் திரும்பும் என்று நாம் காத்திருப்போம். சோல் பாட்டு பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். பேஸ் கிட்டார் ஒரே சின்ன வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும். இரண்டாம் தடவை அந்தப் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். போனின் ஸ்பீக்கரில் அது காதில் விழாது, ஹெட்போன் கட்டாயம். பேஸ் என்கிற தரை அசையாமல் இருப்பதால்தான் மேலே குரல் எவ்வளவு தள்ளாடுகிறது, எங்கே அரை நொடி பிந்தி வந்து சேர்கிறது என்பதெல்லாம் தெரியும். மூன்றாம் தடவை அந்தக் குரலோடு போகலாம்.

எனக்கு இது பிடிபட்டது ஷகி ஓட்டிஸ் என்ற கலைஞரின் 'இன்ஸ்பிரேஷன் இன்ஃபர்மேஷன்' ஆல்பத்தில். ஒரு மழை ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். அதில் 'ஆட் அ மை ஹெட்' என்ற பாட்டில் தாள இயந்திரம் ஒன்று சுவர்க்கடிகாரம் மாதிரி சன்னமாகத் தட்டிக்கொண்டே இருக்கிறது. மேலே ஆர்கன் மெதுவாக மூச்சு விடுகிறது. குரலுக்கு எந்த அவசரமும் இல்லை. இயந்திரத்தின் தாளத்துக்கும் மனிதக் கைக்கும் நடுவிலிருக்கும் அந்த மெல்லிய இடைவெளிதான் என்னை அன்றைக்குத் தூங்கவிடவில்லை. 1974இல் அந்த ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது 20. கிட்டத்தட்ட எல்லா வாத்தியங்களையும் அவரே வாசித்திருந்தார். விற்கவில்லை, கம்பெனி கைகழுவியது. 2001இல் லுவாகா பாப் என்ற சிறு நிறுவனம் மறுபடி வெளியிட்ட பிறகுதான் உலகம் காது கொடுத்தது.

நல்ல பாட்டு என்றால் எப்படித் தொலையும் என்று கேட்பீர்கள். பாட்டில் குறை இல்லை. அது ஊரைத் தாண்டவில்லை, அவ்வளவுதான். ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் பில் மாஸ் என்பவர் எழுபதுகளின் தொடக்கத்தில் 'கேப்சோல்' என்ற குட்டி நிறுவனத்தை நடத்தினார். தட்டை வெளியூர் வானொலிகளில் ஒலிக்க வைக்கவும் கடைகளுக்கு அனுப்பவும் பெரிய கம்பெனிகளுக்கு இருந்த ஆள்பலம் அவருக்கு இல்லை. சிகாகோவின் நியூமரோ குரூப் என்ற மறுவெளியீட்டு நிறுவனம் 2004இல் தன் முதல் வெளியீடாகக் கொண்டுவந்தது இந்தக் கேப்சோல் பாட்டுகளைத்தான். அதில் மேரியன் பிளாக் பாடும் 'ஹூ நோஸ்' பாட்டை அவசியம் கேளுங்கள். நடுராத்திரியில் சமையலறையில் தனியாக உட்கார்ந்து ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும். இத்தகைய மறுவெளியீடுகளோடு வரும் சிறு புத்தகத்தையும் விடாமல் படியுங்கள். அதுவும் ரசனையில் பாதி.

புதிய ஆல்பங்களில் இதே சுவை வேண்டுமென்றால் புரூக்ளினின் டாப்டோன் நிறுவனம். ஒரு பழைய வீட்டையே ஸ்டூடியோவாக்கி, வாத்தியக்காரர்களை ஒன்றாக உட்காரவைத்து டேப்பில் பதிந்தார்கள். டிரம்ஸின் சத்தம் பக்கத்து மைக்கிலும் கொஞ்சம் கசிந்திருக்கும். அந்தக் கசிவில்தான் அறை தெரியும். அங்கே பாடிய ஷாரன் ஜோன்ஸ் சிறைக் காவலராக வேலை பார்த்தவர், முதல் ஆல்பம் வந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். சார்லஸ் பிராட்லிக்கு 62 வயதில், 2011இல் முதல் ஆல்பம். அவர் அலறும்போது தொண்டை கரகரத்து உடைகிற இடத்தில் வால்யூமைக் குறைத்துவிடாதீர்கள்.

தேடும் வழி எளிது. பிடித்த பாட்டு ஒன்று கிடைத்ததும் பாடகரோடு நிற்காமல், தயாரித்தவர் யார், பேஸ் வாசித்தவர் யார், எந்த ஊர் நிறுவனம் என்று பாருங்கள். டிஸ்காக்ஸ் தளத்தில் பெரும்பாலும் அந்த விவரம் இருக்கும். ஒரு பெயர் இன்னொரு தட்டுக்குக் கொண்டுபோய் விடும். சுயாதீனக் கலைஞர்கள் பலரும் பேண்ட்கேம்ப் தளத்தில் முழு ஆல்பத்தையும் கேட்க விடுகிறார்கள். பிடித்தால் காசு கொடுத்து வாங்குங்கள். அவர்களுடைய அடுத்த ஆல்பத்துக்கான செலவு பெரும்பாலும் இப்படித்தான் சேருகிறது.

எங்கே ஆரம்பிப்பது என்று தயங்கினால், நம் காதுக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். ரூபா என்ற வங்காளப் பாடகி, கனடாவின் கால்கரியில் பதிவுசெய்து 1982இல் வெளிவந்த 'டிஸ்கோ ஜாஸ்'. நாலே பாட்டு. அப்போது சீந்த ஆளில்லை. 2019இல் நியூமரோ மறுபடி அச்சிட்டது. டிஸ்கோ பேஸுக்கு மேலே சரோட் தந்திகள் வழுக்கிக்கொண்டு போகும், கூடவே ரூபாவின் குரல். முதலில் 'ஆஜ் ஷனிபார்' போடுங்கள். 'இன்று சனிக்கிழமை' என்று பொருள். வருகிற சனிக்கிழமை ராத்திரி, சாப்பாட்டை முடித்துவிட்டு, ஹெட்போனோடு.