பூட்டிய வளவுகள்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் தெருக்களில் பூட்டிக் கிடக்கும் நகரத்தார் வீடு ஒன்றுக்குள் நுழைய வாய்த்தால், முதலில் சுவரைத் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசியது. மழை இறங்காத இடங்களில் இன்றும் பளிங்காக வழுவழுக்கிறது. கோடையிலும் உள்ளங்கைக்குக் குளிர்கிறது.

முகப்பைத் தாண்டினால் வளவு. வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், அவற்றுக்குப் பின்னே வரிசையாக அறைகள். கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. அடுத்து இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டு, ஒரு தெருவில் தொடங்கும் வீடு மறு தெருவில் முடிகிறது. பர்மாத் தேக்கு நிலையின் மேல் கஜலட்சுமி இன்னும் வீற்றிருக்கிறாள். தரையின் தூசியைத் துடைத்தால் ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பும் பச்சையும் மேலே வருகின்றன.

பர்மாவிலும் மலாயாவிலும் ஈட்டிய பணம் எழுப்பிய வீடுகள் இவை. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபின் அந்த வரவு ஒடிந்தது. பங்காளிகள் பெருகினார்கள், எல்லாரும் இசையாமல் விற்கவும் முடியாது, பழுது பார்க்கவும் முடியாது. ஓர் ஓடு நகர்ந்தால் மழை இறங்கும், உத்திரம் உளுத்துப்போகும், பிறகு கதவும் தூணும் பழம்பொருள் கடைக்குப் போகும்.

முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கூடிக் கதவு திறக்கும் குடும்பங்கள், மழைக்கு முன் ஓடு மாற்றவும் ஒருமுறை கூடட்டும். இந்தச் சுவர்களைக் காக்க அதுவே முதல் வேலை.