பேட்டில்ஸோன்: பச்சைக் கோட்டுப் போர்க்களம்

நியான் வெளிச்சத்தில் வண்டிகள் சுட்டுக்கொள்ளும் வீடியோ கேம் எது வந்தாலும் எனக்கு 1980-இல் அட்டாரி வெளியிட்ட பேட்டில்ஸோன் நினைவுக்கு வரும். எட் ராட்பெர்க் வடிவமைத்தது. உண்மையில் அதன் திரை கறுப்பு வெள்ளைதான். கோடுகளின் பச்சையும் மேலே ரேடாரின் சிவப்பும் திரைமேல் வைத்த வண்ணத் தாளின் உபயம்!

நாம் ஓட்டும் டாங்கிக்கு இரண்டு ஜாய்ஸ்டிக். இடக்கைக்கு இடது பக்கச் சங்கிலிப் பட்டை, வலக்கைக்கு வலது. ஒன்றை முன்னே தள்ளி மற்றதைப் பின்னே இழுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே சுழலும். சுட்ட குண்டு போய்ச் சேரும்வரை அடுத்தது கிளம்பாது. குறி தப்பியதோ, களத்தில் நிற்கும் பிரமிடு ஒன்றின் பின்னால் பதுங்க வேண்டியதுதான். அடிபட்டால் திரையே கண்ணாடி மாதிரி விரிசல் விடும்.

தொலைவில் ஓர் எரிமலை குமுறிக்கொண்டிருக்கும். அதுவரை ஓட்டிப் போகலாம், உள்ளே கோட்டை இருக்கிறது என்றெல்லாம் ஆட்டக்காரர்கள் கதை கட்டினார்கள். எவ்வளவு ஓட்டினாலும் அது கிட்டே வராது.

அமெரிக்க ராணுவத்துக்கும் ஆட்டம் பிடித்துப்போய், பயிற்சிக்கென்று தனி வடிவம் கேட்டது. ராட்பெர்க்குக்கு அதில் இஷ்டமே இல்லை. ஆனாலும் செய்து கொடுத்தார்.

எமுலேட்டரில் ஆடிப் பார்க்க நினைப்பவர்கள் விசைப்பலகையை நம்பாதீர்கள். இரண்டு குச்சி இருந்தால்தான் இதில் ருசி.