பத்துக் குற்றமும் நம் புனைகதையும்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலில் இருக்கலாகாத குற்றங்கள் பத்து என வரையறுத்தது. கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்பன அவற்றுட் சில. இலக்கணம் பயில்வோர் இவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடுவர். ஆயினும், ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதியை அச்சுக்கு அனுப்புமுன் செப்பனிடுவோர் எவற்றைக் கவனிக்க வேண்டும் என வினவினால், இப்பட்டியலினும் சிறந்த விடை கிடைப்பது அரிது. குற்றங்களை இத்துணைத் தெளிவாக அறிந்திருந்த நாம், அவற்றைக் களைவதற்கென ஒருவரை எழுத்தாளருக்கும் அச்சகத்துக்கும் இடையே அமர்த்தத் தயங்கியது ஏன் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

தமிழ் நாவல் பெரிதும் இதழ்களின் மடியில் வளர்ந்தது. பி. ஆர். ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்து, 1896-இல் நூலாயிற்று. சிறுகுளத்து வம்புப் பேச்சும், முத்துஸ்வாமி ஐயர், கமலாம்பாள் இல்லறமும், தமிழ்ப் பண்டிதர் அம்மையப்ப பிள்ளையின் வேடிக்கையும் முற்பகுதியில் உயிர்ச் சித்திரங்களாக நிற்கின்றன. பிற்பகுதியில் கதை வேதாந்த விசாரத்தை நோக்கித் திரும்புகிறது. ஊரும் மாந்தரும் மங்குகின்றனர். இதனை மற்றொன்று விரித்தல் எனச் சிலர் குறை கூறுவர். ஆசிரியரின் நோக்கமே அதுதான் எனச் சிலர் கொள்வர். நம் கருத்து வேறு. ஆன்ம விசாரம் குற்றமன்று. அதற்குரிய வித்து முற்பகுதியில் போதிய அளவு ஊன்றப்படாமையே குறை. முற்பகுதி அச்சேறி வாசகர் கைக்குப் போய்விட்ட பின், திரும்பிச் சென்று அவ்வித்தை ஊன்றத் தொடர்கதை ஆசிரியருக்கு வழியில்லை. நூலாக்கும்போது வழியுண்டு. 'இதை முன்னரே சிறிது காட்டலாகாதா?' என அப்போது வினவ ஒருவர் வேண்டும்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தது. அத்தியாயத்தை வியப்பிலோ ஐயத்திலோ முடிப்பது, ஏழு நாள் காத்திருக்கும் வாசகரைப் பிடித்து நிறுத்தும் உத்தி. ஐந்து பாகங்களையும் ஒருசேரப் படிப்பவருக்கோ அக்காத்திருப்பு இல்லை. முன் நடந்ததை நினைவூட்டும் வரிகள் அவருக்குக் கூறியது கூறலாகவே படும். கல்கியின் நகைச்சுவையும் பாத்திரப் படைப்பும் அச்சுமையை எளிதில் தாங்கின. அவர் வழியைப் பின்பற்றிய பலருக்கு அவ்வாற்றல் இல்லை. உத்தி மட்டும் எஞ்சிற்று. பாதியில் மெலிந்து, பத்திரிகை நிறுத்தச் சொன்ன வாரத்தில் அவசரமாக முடியும் தொடர்கதை, 'சென்று தேய்ந்து இறுதல்' என்பதற்குத் தக்க உதாரணமாகும்.

செப்பனிடும் அறிவு நமக்கு இல்லாமலில்லை. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களை ஆராய்ந்த உழைப்பை யாவரும் அறிவர். மறைந்த புலவரின் ஒரு சொல்லுக்காக ஊர் ஊராக ஏடு தேடிய மரபு நம்முடையது. வாழும் எழுத்தாளரின் கதைக்கோ, அச்சுப்பிழை பார்ப்பதோடு கடமை முடிந்ததாகப் பெரும்பாலும் கருதிவிட்டோம்.

அச்சுப்பிழை பார்ப்பது வேறு, செப்பனிடுவது வேறு. இவ்வேறுபாட்டுக்கு அமெரிக்க நாட்டிலிருந்து ஒரு சான்று காட்டலாம். ஹார்ப்பர் லீ என்னும் எழுத்தாளர் 1957-இல் லிப்பின்காட் பதிப்பகத்துக்கு ஒரு நாவலை அளித்தார். வளர்ந்த பெண்ணொருத்தி சொந்த ஊருக்குத் திரும்பித் தன் தந்தையைப் புதிய கண்ணோடு காண்பது அதன் கதை. அங்கே பிரதிகளைச் செப்பனிட்டு வந்த டே ஹோஹாஃப் அம்மையார், அந்நூலின் உயிர் அப்பெண்ணின் குழந்தைப் பருவத்தில் இருப்பதைக் கண்டார். அவர் வழிகாட்ட, லீ திரும்பத் திரும்ப எழுதினார். 1960-இல் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' வெளிவந்து, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. முதற் பிரதி 'கோ செட் எ வாட்ச்மேன்' என்னும் பெயரில் 2015-இல் அச்சானபோது, இரண்டையும் ஒப்பிடும் வாய்ப்பு வாசகர்க்குக் கிட்டியது. நூலையே மாற்றிவிடும் ஆற்றல் ஒரு நல்ல வினாவுக்கு உண்டு என்பது அதனால் விளங்கிற்று. எழுதியவர் லீயே, வினவியவர் ஹோஹாஃப்.

தமிழிலும் இம்முயற்சி நடந்ததுண்டு. 1974-இல் சென்னையில் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 2020-இல் மறையும் வரை, பிரதியைச் செப்பனிடுவதைத் தம் தொழிலின் மையமாகக் கொண்டிருந்தார். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981-இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. அதே பதிப்பகம் 1992-இல் தற்காலத் தமிழ் அகராதியை வெளியிட்டதும் பொருத்தமே. சொல்லின் இக்காலப் பொருளை அறியாமல் செப்பனிடுதல் இயலாது.

செப்பனிடுவோர் எழுத்தாளரின் குரலை அழித்துவிடுவார் என்னும் அச்சம் வீண் அன்று. தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு அது கூடுதலாகவே உண்டு. கரோல் பாகிலோ மாதுங்காவிலோ வளர்ந்த ஒரு பாத்திரம், கடைக்காரரிடம் இந்தியில் பேரம் பேசிவிட்டு, வீடு திரும்பிப் பாட்டியிடம் இரு மொழியும் கலந்து பேசுமாயின், அது பிழையன்று. அதுவே நம் வாழ்வு. அதனைச் செந்தமிழாக்குபவர் கதையின் உயிரைப் போக்குகிறார். அதே பாத்திரம் முதற் பக்கத்தில் இளையவளாகவும் ஆறாம் பக்கத்தில் மூத்தவளாகவும் வருமாயின், அது மாறுகொளக் கூறல்; திருத்தியே ஆகவேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே செப்பனிடும் கலை. ஐயரவர்கள் தாம் கொண்ட பாடத்தோடு பிற பாடங்களையும் அடிக்குறிப்பில் காட்டியது போல, செப்பனிடுவோரும் தம் ஐயத்தை ஓரத்தில் குறிப்பதோடு நிற்கவேண்டும். மாற்றும் உரிமை எழுதியவருடையது.

நம் சங்க மலர்களுக்குக் கதை எழுதும் இளையோரில் பலர் தமிழைப் பள்ளியில் பயிலாதவர். வீட்டிலும் சங்க வகுப்பிலும் கற்றவர். 'நம் பிள்ளைகள் எழுதியது' என்னும் பரிவோடு அக்கதைகளை அப்படியே அச்சிடுவது அன்பு போலத் தோன்றும். உண்மையில் அது அலட்சியம். அலுவலகத்தில் ஒரு வரைவுக் கடிதம் மும்முறை திருத்தம் பெற்றுத் திரும்புவதை இயல்பாகக் கொள்ளும் நாம், கதையின் ஓரத்தில் ஒரு வினாக்குறியைக் கண்டு மனம் நோவது முறையன்று. ஒவ்வொரு கதையையும் இருவர் படித்து, பத்துக் குற்றங்களை மனத்திற் கொண்டு தம் ஐயங்களை எழுதி, எழுதியவரிடமே திருப்பித் தரும் வழக்கத்தை அடுத்த மலரிலேயே தொடங்கலாம். இதற்குப் பொருட்செலவு இல்லை. இரண்டு வாரப் பொழுது போதும். தம் கதையை ஒருவர் இத்துணைக் கருத்தோடு படித்திருக்கிறார் என அறியும் இளம் எழுத்தாளர், மறுபடியும் தமிழில் எழுதுவார்.