மூன்று நிமிடமும் பத்து மதிப்பெண்ணும்

1980களின் சிகாகோவில் கவிதை வாசிப்பு என்றால் பெரும்பாலும் கவிஞர்களே கவிஞர்களுக்கு வாசிப்பதுதான். கட்டடத் தொழிலாளியாக இருந்த மார்க் ஸ்மித்துக்கு அது பொறுக்கவில்லை. 1986 ஜூலையில் கிரீன் மில் என்ற பழைய ஜாஸ் மதுக்கூடத்தில் ஞாயிறு இரவுகளில் அவர் தொடங்கிய கவிதைப் போட்டிதான் 'போயட்ரி ஸ்லாம்'. பிடிக்காவிட்டால் விரல் சொடுக்கலாம். இன்னும் அலுத்தால் தரையை உதைக்கலாம், முனகலாம். மேடையில் நிற்பவர் அந்தச் சத்தத்தைத் தாண்டித்தான் பேச வேண்டும்.

நான்கே ஆண்டுகளில், 1990இல், சான் பிரான்சிஸ்கோவில் முதல் தேசியப் போட்டி நடந்துவிட்டது. இந்த வேகத்துக்குக் காரணம் விதிகளின் எளிமை. ஒருவருக்கு மூன்று நிமிடம். வேடமோ இசைக்கருவியோ கூடாது. கூட்டத்திலிருந்தே ஐந்து பேரை நடுவராகப் பிடித்து ஆளுக்கொரு அட்டை கொடுப்பார்கள். பத்துக்கு எவ்வளவு என்று அவர்கள் எழுதிக் காட்டுவார்கள். உச்சத்தையும் அடிமட்டத்தையும் தள்ளிவிட்டு மீதி மூன்றைக் கூட்டினால் முடிந்தது. நடுவராவதற்கு இலக்கியப் பட்டம் வேண்டாம். கவிதை தனக்குரியது அல்ல என்று ஒதுங்கி நின்றவரையும் அந்த அட்டை உள்ளே இழுத்தது. சிகாகோவில் பத்திரிகை வேலை பார்த்த பட்ரீஷியா ஸ்மித் இந்த மேடையில் வளர்ந்தவர். தனிநபர் தேசியப் பட்டத்தை நான்கு முறை வென்றவர். 2018இல் புலிட்சர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கும் வந்தார். ஸ்லாம் வெறும் கூச்சல் என்பவர்களுக்கு அவர் ஒருவரே போதுமான பதில்.

ஆனால் கூட்டத்தை வரவழைத்த அதே மதிப்பெண், கவிதையை மெல்ல வளைத்தும் விட்டது. போட்டி தொடங்குமுன் போட்டியில் இல்லாத ஒரு கவிஞரை மேடையேற்றுவார்கள். நடுவர்கள் கை பழகுவதற்காக. அப்படியும் இரவு ஏற ஏற மதிப்பெண்ணும் ஏறும். முதலில் வாசித்தவருக்கு 7.8 கொடுத்த நடுவர், கூட்டம் சூடேறிய பிறகு அதே தரத்துக்கு 9 போடுவார். வரிசைச் சீட்டில் முதல் இடம் விழுவது பாதித் தோல்வி.

இதைவிடப் பெரிய சேதம் குரலில் நடந்தது. எது எடுபடும் என்று கவிஞர்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள்: தணிந்த தொடக்கம், நடுவில் வேகம், உச்சத்தில் உடையும் குரல், கடைசி வரிக்கு முன் ஒரு மௌனம். ஊர் ஊராக ஒரே ராகம். எதைச் சொல்வது என்பதிலும் இதே கதைதான். சொந்த வாழ்க்கையின் ரணத்தை மேடையில் திறந்து காட்டினால் அட்டைகள் உயர்கின்றன. அரங்கேற வேண்டிய துயரம் நிறையவே உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பதினேழு வயதுப் பெண் தன் மிக மோசமான நாளைச் சொல்லி முடித்ததும் ஒருவர் 8.4 என்று அட்டையைத் தூக்குவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. நிதானமான கவிதை, இரண்டாம் முறை படித்தால் மட்டுமே திறக்கும் கவிதை, இந்த மேடையில் தோற்றுக்கொண்டே இருக்கும்.

இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டியது சிகாகோவில் 2001இல் இளைஞர்களுக்காகத் தொடங்கிய 'லவுடர் தேன் எ பாம்' ஸ்லாம் போட்டி. அங்கும் மதிப்பெண் இருந்தது. ஆனால் பள்ளிகள் குழுக்களாக வந்தன. ஒருவரின் வரிகளை நால்வர் சேர்ந்து திருத்தி, ஒன்றாகச் சொல்லிப் பழகினார்கள். எழுத்தின் உழைப்பு மேடைக்கு முன்பே நடந்தது.

தேசியப் போட்டியை நடத்திவந்த அமைப்பு 2018இல் சிகாகோவில் கடைசிப் போட்டியை நடத்தியதோடு கலைந்துபோனது. கிரீன் மில் மேடை அதற்குப் பிறகும் நின்றது. நாடு தழுவிய பட்டத்தைவிட, வாரந்தோறும் அதே அறைக்கு வரும் மனிதர்கள்தான் இந்த இயக்கத்தின் பலம் என்பது என் முடிவு. இப்படியொரு வாராந்திர மேடையை இன்று தொடங்குபவர்களே, ஆள் சேரும்வரை போட்டி வையுங்கள்; சேர்ந்த பிறகு மாதத்தில் ஒரு இரவாவது கடிகாரமும் அட்டையும் இல்லாமல் கவிதையைக் கேளுங்கள்.