நீல முகம்

சென்ற மாதம் ஒரு ராத்திரி அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் விளக்கில்லை. சோபாவில் நீல முகத்துடன் ஓர் உருவம். ‘பயப்படாதீங்க மாமா, நான்தான்’ என்றது. அக்கா பெண், ப்ளஸ் டூ. முகப்பருவுக்காக எல்.ஈ.டி. முகமூடி. அக்கா சொன்ன விலையில் என் முதல் ஸ்கூட்டரை வாங்கியிருக்கலாம்.

உடனே சிரித்துவிடாதீர்கள். வெளிச்ச வைத்தியம் டுபாக்கூர் அல்ல. 1903ல் இதற்காக மருத்துவ நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள். டென்மார்க்கில் நீல்ஸ் ஃபின்சன், கார்பன் ஆர்க் விளக்கின் ஒளியை லென்ஸால் குவித்து, முகத்தை அரிக்கும் தோல் காசநோயைக் குணப்படுத்தினார். எப்படி வேலை செய்தது? 2005ல் அவருடைய பழைய லென்ஸ்களைச் சோதித்தவர்கள், காசநோய்க் கிருமிக்குள் இருக்கும் பார்ஃபிரின் ஒளியைக் குடித்து, அந்தக் கிருமியையே கொன்றிருக்கலாம் என்றார்கள்.

பருக் கிருமியிடமும் பார்ஃபிரின் இருக்கிறது. சுமார் 415 நானோமீட்டர் நீல ஒளி பட்டால் உள்ளே ஒருவகை முரட்டு ஆக்சிஜன் உண்டாகி, கிருமி காலி. சிவப்பு ஒளி இன்னும் ஆழம் போய் வீக்கத்தைத் தணிக்கும், கொலாஜனைத் தூண்டி சருமத்தை இளமையாக்கும் என்கிறார்கள்.

பிறகென்ன குறை? பருவுக்குக் காரணம் நாலு: எண்ணெய்ப் பசை, அடைத்துக்கொண்ட துவாரம், கிருமி, அழற்சி. நீல ஒளி முக்கியமாகக் கிருமியைத்தான் கவனிக்கிறது. விளக்கை நிறுத்தினால் கிருமி மறுபடி குடிவந்துவிடும். 2016ல் காக்ரேன் அமைப்பு 71 ஆய்வுகளை, 4,211 பேரை அலசிவிட்டு, உறுதியாகச் சொல்லத் தரமான ஆதாரம் போதாது என்றது. பெட்டியில் ‘எஃப்.டி.ஏ. கிளியர்டு’ என்று போட்டிருக்கும். ஏற்கெனவே விற்கிற ஒரு கருவிக்கு இது சமானம் என்று பெரும்பாலும் அர்த்தம், அவ்வளவுதான். 2019ல் நியூட்ரோஜீனா தன் பரு முகமூடியைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. சிலவகைக் கண்நோய் உள்ளவர்களுக்கும், ஒளிக்கூச்சம் உண்டாக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் கண் பாதிக்கலாம் என்ற பயம்.

விளம்பரம் சொல்லாத இன்னொன்று, நம்ம நிறம். 2014ல் வெளியான ஓர் ஆய்வில் இதே 415 ஒளி, கொஞ்சம் நிறம் கூடிய தோலில் நீடித்த கருமையை உண்டாக்கியது. சிவப்பு ஒளி அப்படிச் செய்யவில்லை. அங்கே கொடுத்த அளவு ஒளி வீட்டு முகமூடியில் வருமா என்பது வேறு விஷயம். ஆனால் மாநிறப் பெண்கள் நிறைந்த ஊரில் விற்கும்போது பெட்டியில் ஒரு வரி எச்சரிக்கை வேண்டாமா? அக்கா வீட்டுப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைக்காரப் பெண்தான் சிரித்தாள்.

மருமகள் முகமூடியைக் கழற்றினாள். கன்னத்தில் நாலைந்து சிவப்புப் பரு. இதற்காகப் பத்து நாளாக ட்யூஷன் போகவில்லையாம். ‘ஸ்கூல் க்ரூப் போட்டோவுக்குள்ள போயிடுமா மாமா?’

என்ன பதில் சொல்ல? ‘முதல்ல தோல் டாக்டர்கிட்ட போ’ என்றேன். பென்சாயில் பெராக்சைடு களிம்பு முகமூடி விலையில் ஒரு துளிகூட வராது. அதற்குப் பின்னால் நிறைய ஆய்வுகள் நிற்கின்றன. பலன் தெரிய சில வாரம் ஆகும். முகமூடி வேண்டுமானால் துணைக்கு இருக்கட்டும், டாக்டர் சரி என்றால்.

‘அப்ப போட்டோ?’ என்றாள்.

நடு வரிசையில் நின்று சிரிக்கச் சொன்னேன். முறைத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் ட்யூஷனுக்குப் போய்விட்டதாக அக்கா போனில் சொன்னாள்.